மலைக்கு மேலே மட்டும் ரீஸ்டார்ட்

கொல்லிமலை ஆலத்தூர் நாட்டில் ஒரு மேசைக் கணினி தகராறு செய்தால், கேபினெட்டை வண்டியில் கட்டிக்கொண்டு கீழே இறங்க வேண்டும். காரவள்ளி வழி என்றால் 70 கொண்டை ஊசி வளைவுகள். அப்புறம் நாமக்கல்லோ சேலமோ. கடைக்காரர் இரண்டு நாள் ஓடவிட்டுப் பார்ப்பார். ஒரு குறையும் தெரியாது. வந்ததற்கு ஃபார்மட் போட்டுக் கொடுத்து அனுப்புவார். மேலே கொண்டுவந்து மாட்டினால் அன்றைக்குச் சாயங்காலமே பழைய கதை: வருமானச் சான்றிதழ் விண்ணப்பம் பாதி நிரம்பியிருக்கும், திரை சட்டென்று கறுக்கும், கம்பெனி முத்திரை வரும், எல்லாம் முதலிலிருந்து.

தானாக ரீஸ்டார்ட் ஆகும் கணினியில் ஃபார்மட் போடுவது, சர்வீஸ் தொழிலில் மிக அதிகமாகச் செய்யப்படும், மிகக் குறைவாகப் பலன் தரும் வைத்தியம் என்பது என் எண்ணம். காசு வாங்க ஒரு வேலை செய்ததாக இருக்கும், அவ்வளவுதான். மலைக் கணினியைப் பொறுத்தவரை துப்பு கையிலேயே இருக்கிறது. கீழே ஓடுகிறது, மேலே ஓடவில்லை. பெட்டி அதே பெட்டி. மாறியிருப்பது சுவரில் வரும் கரண்ட்.

அதனால் நல்ல மெக்கானிக் ஸ்குரூ டிரைவரைத் தொடுவதற்கு முன்னால் வாயைத் திறப்பார்.

“எப்பங்க ரீஸ்டார்ட் ஆகுது?”

“நேரங்காலமே இல்லைங்க தம்பி.”

“கேம் ஆடுறப்பவா, சும்மா கெடக்குறப்பவா?”

“சும்மாவே ஆகுதுங்க. சாயங்காலம் ஆறு மணிக்கு மேல ஜாஸ்தி. பக்கத்துல மோட்டார் போட்டாலும் ஆகுது.”

நோய் பாதி தெரிந்துவிட்டது. வேலை செய்யும்போது மட்டும், அதுவும் கால் மணி, அரை மணி ஓடிய பிறகு என்றால் சூட்டைச் சந்தேகிக்கலாம். ஒரு குறிப்பிட்ட சாஃப்ட்வேரைத் திறக்கும்போது மட்டும் என்றால் டிரைவரையோ ரேமையோ பார்க்கலாம். சும்மா இருக்கும்போது, சாயங்காலத்தில், மோட்டார் போடும்போது என்றால் கேபினெட்டைத் திறக்கவே வேண்டியதில்லை.

வாய்ச்சொல்லை நம்ப மனம் வராதவர்களுக்கு விண்டோஸே ஒரு நாட்குறிப்பு வைத்திருக்கிறது. ‘ஈவென்ட் வியூவர்’ என்று தேடித் திறந்து, ‘சிஸ்டம்’ பகுதியில் 41 என்ற எண்ணைப் பாருங்கள். ‘கெர்னல் பவர்’ என்ற பெயரில் சிவப்புக் குறியோடு நிற்கும். முறையாக அணைக்கப்படாமல் கணினி மறுபடி எழுந்திருக்கிறது என்று அதற்குப் பொருள். அதன் விவரங்களுக்குள் ‘பக்செக் கோட்’ என்று ஒரு வரி வரும். அங்கே பூஜ்யம் இருந்தால், என்ன ஆயிற்று என்று எழுதிவைக்கக்கூட விண்டோஸுக்கு அவகாசம் கிடைக்கவில்லை. பெரும்பாலும் மின்சாரமோ, சூடோ, ஹார்டுவேரோதான் காரணம். வேறு எண் இருந்தால் விண்டோஸ் நிலைகுலைந்து தானே விழுந்திருக்கிறது. அப்போது நீலத்திரை வந்திருக்கும். தானே ரீஸ்டார்ட் ஆகும்படி விண்டோஸில் அமைத்தே தருவதால் கண்ணில் படாமல் போயிருக்கும். அந்த அமைப்பை எடுத்துவிட்டால் நீலத்திரை நின்று காட்டும்.

சாஃப்ட்வேரால் வரும் ரீஸ்டார்ட் பொய்யல்ல. 2003 ஆகஸ்டில் ‘பிளாஸ்டர்’ என்ற புழு இணையத்தில் இருந்த விண்டோஸ் கணினிகளில் 60 விநாடி எண்ணிவிட்டு ரீஸ்டார்ட் செய்தது. 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் நிறுவனத்தின் ஒரு தவறான கோப்பு உலகெங்கும் 85 லட்சம் விண்டோஸ் கணினிகளைக் கெடுத்தது. பல கணினிகள் எழுவதும் விழுவதுமாகவே கிடந்தன. இந்திய விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். ஆனால் இவை மேட்டையும் பள்ளத்தையும் பார்ப்பதில்லை. ஆலத்தூர் நாட்டில் விழுந்த கணினி நாமக்கல்லிலும் விழுந்திருக்கும்.

சரி, கரண்டுக்கு வருவோம். மலையில் 11 கிலோவோல்ட் லைன் காட்டையும் தோட்டத்தையும் கடந்து வருகிறது. மிளகுக்கொடி படர்ந்த சில்வர் ஓக் மரத்தின் கிளை காற்றில் ஆடி ஒருமுறை உரசினால் போதும், வோல்டேஜ் ஒரு கணம் விழுந்து எழும். டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து வீடுவரை போகும் லைன் நீளமாக இருந்தால் கம்பியின் மின்தடையிலேயே ஒரு பங்கு வோல்டேஜ் கரைந்துவிடும். இழுக்கும் ஆம்பியர் கூடக்கூட அந்த இழப்பும் கூடும். ஆறு மணிக்கு எல்லா வீட்டிலும் விளக்கெரிந்தால் லைன் கடைசியில் இருப்பவருக்கு லோ வோல்டேஜ். தண்ணீர் மோட்டார் கிளம்பும் அந்த நொடியில், ஓடும்போது இழுப்பதைப் போல ஐந்தாறு மடங்கு ஆம்பியரை இழுக்கும். வோல்டேஜ் இன்னும் சறுக்கும்.

இதைக் கணினியின் எஸ்.எம்.பி.எஸ். எப்படித் தாங்குகிறது என்பதுதான் சுவையான பகுதி. 230 வோல்ட் என்று நாம் சொல்லும் ஏ.சி. மின்சாரம், அலையின் உச்சியில் 325 வோல்ட் வரை போகும். எஸ்.எம்.பி.எஸ். அதை டி.சி.யாக்கி, கட்டைவிரல் பருமனுள்ள ஒரு கப்பாசிட்டரில் நிரப்பி வைக்கிறது. குழாயில் தண்ணீர் நின்றாலும் மொட்டைமாடித் தொட்டி கொஞ்ச நேரம் தாங்குவதைப் போல, சுவரில் கரண்ட் அறுந்தாலும் இது கொஞ்ச நேரம் தாங்கும். எவ்வளவு நேரம்? முழுச் சுமையில் 16, 17 மில்லி விநாடி தாங்க வேண்டும் என்பது பொதுவான அளவு. நம் ஊர் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் ஒரு முழு அலையே 20 மில்லி விநாடி.

கப்பாசிட்டரில் தேங்கும் ஆற்றல் வோல்டேஜின் வர்க்கத்துக்கு ஏற்ப மாறும். கீழே 230 வோல்ட் என்றால் கப்பாசிட்டரில் 325. மேலே சாயங்காலம் 170தான் வருகிறது என்றால் 240. அந்த எஸ்.எம்.பி.எஸ். 200 வோல்ட் வரைதான் இழுத்துப் பிடிக்கும் என்று வைத்துக்கொண்டு கணக்குப் போட்டால், கையில் இருக்கும் ஆற்றல் கால் பங்கு ஆகிவிடுகிறது. 16 மில்லி விநாடி தாங்கியது இப்போது 4 மில்லி விநாடிதான் தாங்கும். மல்டிமீட்டரில் 170 காட்டுகிறது, கணினியும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. ஆனால் தாங்கும் சக்தி போய்விட்டது. அடுத்த சிறு சறுக்கலில் விழும்.

விழும்போது அணைந்து கிடக்காமல் ஏன் மறுபடி கிளம்புகிறது? எஸ்.எம்.பி.எஸ்.ஸிலிருந்து மதர்போர்டுக்குப் போகும் வயர்க் கொத்தில் சாம்பல் நிறத்தில் ஒன்று இருக்கும். ‘பவர் குட்’ என்று பெயர். எல்லா வோல்டேஜும் சரியாக இருக்கும்வரை அதில் 5 வோல்ட் நிற்கும். அது இறங்கினால் மதர்போர்டு பிராசஸரை ரீசெட்டில் பிடித்து நிறுத்தும். திரும்ப ஏறினால் முதலிலிருந்து தொடங்கும். கரண்ட் முழுதாகப் போய்த் திரும்பினாலும் பயாஸில் ‘ஏ.சி. பேக்’ என்ற அமைப்பு ஆன் என்று இருந்தால் கணினி தானே எழும். அதை ஆஃப் என்று மாற்றி வையுங்கள். அப்புறம் கணினி அணைந்தே கிடந்தால், நாம் ரீஸ்டார்ட் என்று நினைத்தது மின்வெட்டு.

“யூ.பி.எஸ். வெச்சிருக்கோமே” என்பார்கள். சாதாரண யூ.பி.எஸ். பேட்டரிக்கு மாற 4 முதல் 10 மில்லி விநாடி எடுத்துக்கொள்ளும். மேலே போட்ட கணக்கோடு ஒட்டிப் பாருங்கள்: 4 மில்லி விநாடி தாங்கும் பெட்டிக்கு 8 மில்லி விநாடியில் வரும் உதவி எதற்கு? அதோடு, உள்ளே இருக்கும் 12 வோல்ட் சீல்டு பேட்டரிக்கு ஆயுள் இரண்டு மூன்று ஆண்டு. செத்த பேட்டரியோடு பச்சை விளக்கு எரியும் யூ.பி.எஸ். எத்தனையோ. சோதிக்க ஒரு குண்டு பல்பை மட்டும் யூ.பி.எஸ்.ஸில் மாட்டி, சுவர் பிளக்கைப் பிடுங்கிப் பாருங்கள்.

வீட்டு இன்வெர்ட்டரில் கணினியை ஓட்டுபவர்கள் அதன் பின்பக்கத்தைப் பார்க்க வேண்டும். பல இன்வெர்ட்டர்களில் அங்கே ஒரு சின்ன சுவிட்ச் இருக்கும், ‘யூ.பி.எஸ்.’, ‘நார்மல்’ என்று இரண்டு நிலை. நார்மலில் இருந்தால் ஃபேனுக்கும் விளக்குக்கும் போதும் என்று 100 வோல்ட் சொச்சம் வரை அப்படியே உள்ளே விடும்; மாறுவதும் மெதுவாக. யூ.பி.எஸ். நிலையில் வோல்டேஜ் 180 பக்கம் இறங்கும்போதே பேட்டரிக்குத் தாவிவிடும். ஒரு பைசா செலவில்லை. ஆனால் லோ வோல்டேஜ் நீடிக்கும் இடத்தில் பேட்டரி சீக்கிரம் காலியாகும், ஆயுளும் குறையும்.

எஸ்.எம்.பி.எஸ். வாங்கும்போது ‘ஆக்டிவ் பி.எஃப்.சி.’ உள்ளதாகக் கேளுங்கள். 170 வந்தாலும் 230 வந்தாலும் உள்ளே கப்பாசிட்டரை 380 வோல்ட் சுமாருக்கு ஏற்றி வைத்துக்கொள்ளும். மேலே பார்த்த கால் பங்குக் கணக்கு அதற்குச் செல்லாது. லேபிளில் 450 வாட் என்று அச்சடித்து, தூக்கிப் பார்த்தால் காற்றாடிபோல இருக்கும் மலிவுப் பெட்டிகளை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

இது எதுவும் இல்லை, வேறு நல்ல யூ.பி.எஸ்.ஸிலும் அதே கோளாறு என்றால் பெட்டியைத் திறக்கலாம். பிளக்கைப் பிடுங்கிவிட்டு. முதலில் பிராசஸரைச் சுற்றி நிற்கும் சின்னச் சின்ன உருளைக் கப்பாசிட்டர்களின் தலையைப் பாருங்கள். அழுத்தம் கூடினால் பிளந்துகொள்ளட்டும் என்று அதில் கூட்டல் குறிபோலக் கீறியிருப்பார்கள். தலை தட்டையாக இருக்க வேண்டும். உப்பியிருந்தாலோ, பழுப்பாகக் கசிந்து காய்ந்திருந்தாலோ அதுதான் குற்றவாளி. 1999க்கும் 2007க்கும் இடையில் இப்படிக் கெட்ட கப்பாசிட்டர்கள் உலகம் முழுக்க மதர்போர்டுகளைக் கொன்றன. ‘ஆப்டிபிளெக்ஸ்’ கணினிகளைச் சரிசெய்ய டெல் நிறுவனம் 2005இல் 30 கோடி டாலர் ஒதுக்க நேர்ந்தது. இன்றும் பழைய கணினிகளில் இந்த உப்பல் சாதாரணம்.

அடுத்தது ரேம். 70 வளைவு குலுங்கி வந்த பெட்டியில் அது கொஞ்சம் நழுவியிருந்தால் ஆச்சரியமில்லை. கழற்றி, தங்க நிறப் பற்களைப் பென்சில் ரப்பரால் தேய்த்து மாட்டுவது நம் ஊர்க் கைவைத்தியம். மூடுபனியின் ஈரத்தில் படிந்த அழுக்குப் படலம் போவதால் உண்மையிலேயே பலிக்கும். சூட்டைப் பற்றி மலையில் அவ்வளவு கவலை வேண்டாம். 1,200 மீட்டர் உயரத்தில் காற்று பத்துப் பன்னிரண்டு சதவீதம் மெலிந்திருக்கும், ஃபேன் தள்ளும் குளிர்ச்சி அந்த அளவுக்குக் குறையும் என்பது மெய்தான். ஆனால் அதே உயரம் வெயிலையும் ஏழெட்டு டிகிரி குறைத்துவிடுகிறது. ஹீட் சிங்க்கில் தூசி மட்டும் அடையாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

உயரத்தோடு கூடுவது இன்னொன்றும் உண்டு: விண்ணிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்கள். இந்த உயரத்தில் அவற்றால் வரும் நியூட்ரான்கள் கடற்கரையில் இருப்பதைவிட இரண்டு மடங்குக்கும் மேல். ஒரு துகள் ரேமில் ஒரு பிட்டைப் புரட்டிப்போட முடியும் என்பது நிரூபணமான செய்தி. உதகையில் கிரேப்ஸ்-3 ஆய்வகம் இந்தக் கதிர்களைத்தான் ஆராய்கிறது. இருந்தாலும் தினம் ஆறு மணிக்கு வரும் ரீஸ்டார்ட்டுக்கு விண்வெளியை இழுக்காதீர்கள்.

கேபினெட்டைத் தொட்டால் சுர்ரென்று அடிக்கிறதா? எர்த் இல்லை என்று பொருள். எஸ்.எம்.பி.எஸ்.ஸின் வடிகட்டிக் கப்பாசிட்டர்கள் வழியாக வரும் சிறு கசிவு போக வழியின்றி இரும்பில் நிற்கிறது. பாறை மண்ணில் எர்த் பிடிப்பது சிரமம். கரியும் உப்பும் போட்டு ஆழமாகக் குழி எடுத்து, கோடையில் தண்ணீர் ஊற்ற வேண்டும். ஒரு விளக்கு மங்கும்போது இன்னொன்று பிரகாசமானால் நியூட்ரல் தளர்ந்திருக்கிறது. அன்றைக்குக் கணினியைப் போடவே கூடாது, உடனே மின்வாரியத்துக்குச் சொல்ல வேண்டும்.

லோ வோல்டேஜுக்கும் அங்கேதான் போக வேண்டும். போகும்போது ஈவென்ட் வியூவரில் உள்ள தேதியையும் நேரத்தையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். எப்போதும் கரண்ட் சரியில்லை என்று சொல்வதைவிட, சாயங்காலம் ஆறிலிருந்து ஒன்பதுவரை என்று காட்டினால் லைன்மேனுக்கு வேலை சுலபம். டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து வரும் மூன்று ஃபேஸில் ஒன்றில் வீடுகள் அதிகமாகத் தொங்கிக்கொண்டிருக்கலாம். கம்பத்திலேயே சுமை குறைந்த ஃபேஸுக்கு இணைப்பை மாற்றிக் கொடுத்தால் வோல்டேஜ் ஏறுவதுண்டு.