பத்து ரூபாய்க் காசும் 1.90-உம்

பூஞ்சேரி கூட்டுரோடு டீக்கடையில் சாயங்காலம் உட்கார்ந்திருந்தேன். பக்கத்துச் சிற்பப் பட்டறைத் தம்பி, கையில் கல்தூசி போகாமலேயே போனை நீட்டினான். சிநேகிதன் அனுப்பிய கால்பந்து ஆட்டப் பட்டியல். ஒவ்வொரு அணிக்கு நேராகவும் ஒரு எண். "இந்த ரேட்டெல்லாம் என்னண்ணே?"

தமிழ்நாட்டின் 2023 சட்டப்படி ஆன்லைன் சூதாட்டம் குற்றம். காசு கட்டும் ஆன்லைன் ஆட்டங்களை 2025-இல் மத்திய அரசும் தடை செய்துவிட்டது. அதை முதலில் சொன்னேன். ஆனால் "கட்டாதே" என்பதோடு அனுப்ப மனசு வரவில்லை. கணக்குப் புரியாதவனைத்தான் இந்தப் பட்டியல் இழுக்கும். இரண்டு டீ சொன்னேன்.

ரேட் 1.80 என்றால், நூறு ரூபாய் கட்டி ஜெயித்தால் கைக்கு வருவது 180. அதில் நூறு நம்முடையதே, லாபம் 80. கிண்டி குதிரை ரேஸில் பழகிய பெரியவர்கள் "ஒண்ணுக்கு அஞ்சு" என்பார்கள். அது லாபத்தை மட்டும் சொல்லும் வழக்கு. நூறுக்கு ஐந்நூறு லாபம், கட்டிய நூறும் திரும்பும். புது எழுத்தில் அதுவே 6.00.

"அப்போ பெரிய நம்பர்தானே நல்லது?" என்றான்.

பத்து ரூபாய்க் காசு இரண்டை மேஜையில் வைத்தேன். ஒன்று அவனுக்கு, ஒன்று எனக்கு. பூவா தலையா போட்டு ஜெயித்தவனுக்கு இருபது ரூபாய் என்றால் அது நியாயமான ரேட், 2.00. இப்போது பட்டியலில் இருப்பதுபோல் 1.90 என்று வைத்துக்கொள். ஜெயித்தவனுக்குப் பத்தொன்பது, மீதி ஒரு ரூபாய் டீ மாஸ்டருக்கு. இருபது தடவை சுண்டினால் நீயும் நானும் சேர்ந்து இருபது ரூபாயை இழந்திருப்போம். யாரும் தப்பாகக் கணிக்கவில்லை, பணம் மட்டும் குறைந்திருக்கும்.

அவன் காசையே பார்த்துக்கொண்டிருந்தான். நூறை ரேட்டால் வகுக்கச் சொன்னேன். 1.90-க்கு 52.6 வரும். இரண்டு பக்கமும் கூட்டினால் 105.2. நடக்கக்கூடியது எல்லாம் சேர்ந்து நூறுதான். மேலே நிற்கும் ஐந்து சொச்சம் பந்தயம் நடத்துபவன் பங்கு. ரேட் என்பது விலை; அதை ஆரூடமாக நினைத்துவிடக் கூடாது.

கிண்டியில் டோட் முறை வேறு. எல்லார் பணமும் ஒரே குடத்தில் விழும். கமிஷனும் வரியும் எடுத்தபின் மீதியை ஜெயித்தவர்கள் பங்கிட்டுக்கொள்வார்கள். முதலாவது வந்தால் வின். முன்னணி இடங்களில் ஒன்று என்றால் பிளேஸ், அதற்குப் பணம் குறைவு. 1974-இல் மாநில அரசு குதிரைப் பந்தயத்தை ஒழிக்கச் சட்டம் போட்டது. 1996-இல் உச்ச நீதிமன்றம் அந்தப் பந்தயம் திறமை சார்ந்தது என்று தீர்ப்பளித்தது. திறமை இருக்கட்டும். கழிவு எடுப்பது அதனால் நின்றுவிடவில்லை.

கால்பந்தில் மொத்தம் எத்தனை கோல், பலமான அணிக்கு ஒரு கோல் கழித்தால் யார் வெற்றி என்றெல்லாம் வகைகள் உண்டு. எனக்குப் பயம் தருவது ஐந்து ஆட்டத்தைச் சேர்த்துக் கட்டும் வகைதான். ஒவ்வொன்றிலும் நூறுக்கு ஐந்து போனால், ஐந்தும் பெருகிச் சுமார் இருபத்து மூன்று போகும். ஆசை காட்டும் பெரிய தொகை அங்கேதான் இருக்கும்.

"ஆனா பெரிய டீம்தானே ஜெயிக்கும்?"

2022-இல் இதே பூஞ்சேரியில் செஸ் ஒலிம்பியாட் நடந்ததே, நினைவிருக்கிறதா என்றேன். செஸ் ரேட்டிங்கில் யாருக்கும் கழிவு கிடையாது. 200 புள்ளி வித்தியாசம் என்றால் மேலே உள்ளவர் நூறு ஆட்டத்தில் 76 புள்ளி எடுப்பார் என்பது எலோ கணக்கு. அந்தக் கணக்கில் ஓப்பன் பிரிவின் முதலிடத்தில் அமெரிக்கா, பதினாலாவது உஸ்பெகிஸ்தான். தங்கம் உஸ்பெகிஸ்தானுக்குப் போனது. நம்ம குகேஷ் தொடர்ந்து எட்டு ஆட்டம் ஜெயித்தான். பத்தாவது சுற்றில் ஜெயிக்க வேண்டிய நிலையிலிருந்து உஸ்பெகிஸ்தானின் அப்துசத்தோரோவிடம் தோற்றான். நியாயமான கணக்கே இவ்வளவுதான் சொல்ல முடியும்.

டீ ஆறிவிட்டது. தம்பி போனில் கால்குலேட்டரைத் திறந்து முதல் ஆட்டத்தை எடுத்தான். வெற்றி 2.10, டிரா 3.30, தோல்வி 3.40. ஒவ்வொன்றாக வகுத்துக் கூட்டினான்.

"நூத்தியேழு வருதுண்ணே" என்றான். பிறகு அடுத்த ஆட்டத்தையும் கூட்ட ஆரம்பித்தான்.