சுகர் மெஷின் தமிழ்ல பேசட்டுமே

குளுக்கோமீட்டர் பார்த்திருப்பீங்க. ஸ்ட்ரிப்பைச் சொருகி, விரலைக் குத்தி, ஒரு சொட்டு ரத்தம் வைச்சா சில விநாடியில் திரையில் எண் வந்துடும். இப்போ கண்ணை மூடிக்கிட்டு அந்த எண் என்னன்னு சொல்லுங்க பார்ப்போம்.

2023ல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வின்படி இந்தியாவில் சுமார் 10.1 கோடி பேருக்குச் சர்க்கரை நோய். அது விழித்திரையைக் கெடுத்துப் பார்வையையே பறிக்கக்கூடிய நோய். ஆனா அதை அளக்கிற கருவியைக் கண் தெரிஞ்சவங்க மட்டும்தான் படிக்க முடியும்!

பென்னாகரம் பக்கம் ஒரு கிராமத்தில், பார்வை போன ஒருத்தர் தினமும் இன்சுலின் போட்டுக்கிறார்னு வைங்க. 'மக்களைத் தேடி மருத்துவம்' இருக்கேன்னு கேட்பீங்க. 2021 ஆகஸ்ட் 5ல் பக்கத்து கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில்தான் அதைத் தொடங்கினாங்க. வீட்டுக்கே வந்து சர்க்கரை பார்க்கிறாங்க, மாத்திரை தர்றாங்க. நல்ல திட்டம்தான். ஆனா ராத்திரி 2 மணிக்கு வியர்த்துக் கொட்டி, கை நடுங்கினா? சர்க்கரை 70க்குக் கீழே போயிருந்தா உடனே இனிப்பு சாப்பிடணும். போயிருக்கான்னு அவருக்கு யார் படிச்சுச் சொல்றது?

அமெரிக்காவில் 'ப்ராடிஜி வாய்ஸ்' மாதிரி பேசும் மீட்டர்கள் இருக்கு. தமிழ்தான் பேசாது. அது அவ்வளவு கஷ்டமா? மீட்டர் பொதுவா 20 முதல் 600 வரை காட்டும். 'நூற்றி', 'எழுபத்தி', 'மூணு'ன்னு துண்டு துண்டா பதிவு பண்ணி ஒட்டினா 173 வந்துடும். நான் எண்ணிப் பார்த்தேன்: மொத்தம் 46 துண்டு போதும். ஒவ்வொண்ணும் ஒரு விநாடி, 8 கிலோஹெர்ட்ஸ், 8 பிட்னு வைச்சா 368 கேபி. சின்ன ஃபிளாஷ் சிப்பில் அடங்கிடும்.

எண்ணை மட்டும் சொன்னா பத்தாது. 'ரத்தம் போதலை', 'பேட்டரி கம்மி'ன்னும் சொல்லணும். இல்லேன்னா மெஷின் ஏன் மௌனமா இருக்குன்னு அவருக்கு எப்படித் தெரியும்? சொட்டை ஸ்ட்ரிப்பில் வைக்கிறது நாம நினைக்கிற அளவு சிக்கல் இல்லை. நுனி பட்டாலே ரத்தத்தைத் தானா உறிஞ்சிக்கும்.

இன்சுலின் பேனாதான் பெரிய தலைவலி. திருகினா யூனிட்டுக்கு ஒரு 'கிளிக்'. கிளிக்கை எண்ணியே டோஸ் வைக்கலாமேன்னு தோணும். எண்ணாதீங்கன்னு சில பேனாக்களோட துண்டுச்சீட்டிலேயே போட்டிருக்கு. உள்ளே மருந்து எவ்வளவு மிச்சம்னும் கிளிக் சொல்லாது. ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் தேடிக்கிட்டு இருக்கீங்களா? இதை எடுங்க.