முதற் சவரமும் முகநலமும்

மீசை அரும்பும் வயதில் நம் பிள்ளைகள் தாமாகவே சவரம் பழகுகின்றனர். கன்னம் வழவழப்பாக வேண்டுமென ஒட்ட மழிப்பதே தீங்காகிறது. தோலுக்குக் கீழே வெட்டுண்ட சுருள்முடி, வளருங்கால் உள்நோக்கி வளைந்து சிவந்த பருவாகிறது. வளைகுடாக் கோடையின் வெப்பம் 40 பாகை செல்சியசைத் தாண்டும். வியர்வை பட்டால் அப்பரு எரியும், கிள்ளினால் தழும்பாகும்.

துபாயிலும் தோஹாவிலும் கோடையில் மாடித் தொட்டி நீர் சுடுவதால், முன்னிரவே வாளியில் பிடித்து ஆறவைப்போம். முகம் நனைத்து, நுரை தடவி, தோலை இழுக்காமல், முடி வளரும் திசையிலேயே மழிப்போம். பின்னர்க் கழுவி, ஈரங்காக்கும் களிம்பு பூசுவோம். பரு மிகுந்தால் சவரத்தைச் சில வாரங்கள் நிறுத்துவோம்.

பலர் சேர்ந்து வாழும் அறைகளிலும் ஒருவர் பிளேடைப் பிறர் பயன்படுத்தலாகாது. கண்ணுக்குத் தெரியாத இரத்தத் துளியும் ஹெபடைடிஸ் பி நோயைப் பரப்பும். முதற் சவரத்தைத் தந்தையர் அருகிருந்து கற்பிப்பது நன்று.