இருண்ட திரையும் இயங்கும் கணினியும்



கண்ணுக்கு ஒன்றும் தோன்றவில்லை என்பதனால் உள்ளே ஒன்றும் நிகழவில்லை என்று துணிந்துவிடுதல் நம்மிற் பலர் செய்யும் பிழையாகும். கணினியின் திரை இருண்டவுடனே, கணினி பழுதாகிவிட்டதென்று தீர்ப்புக் கூறிவிடுகின்றோம். திரை வேறு, கணினி வேறு என்பதை அவ்வேளையில் மறந்துபோகின்றோம்.

மாத்தளை மாவட்டத்திலே நான் அதிபராயிருக்கும் பாடசாலையில் நிகழ்ந்த ஒன்றைக் கூறுகின்றேன். காணொளிகளைத் தொகுக்க உதவுமென்று பழைய மாணவர் ஒருவர் புதிய வரைகலை அட்டை ஒன்றை அன்பளிப்புச் செய்தார். அதனைப் பொருத்தி மின்னைச் செலுத்தினோம். விசிறி சுழன்றது, விளக்கு எரிந்தது, திரையிலோ ஒரு கோடுதானும் தோன்றவில்லை. உயர்தர வகுப்பு மாணவரின் செயற்றிட்ட வேலைகள் யாவும் அக்கணினியிலேதான் இருந்தன. ஒப்படைக்கவேண்டிய நாளோ அடுத்த கிழமை. எல்லாம் அழிந்துபோயின என்று ஒரு மாணவி அழுதேவிட்டாள்.

அவ்வச்சம் ஆதாரமற்றது. வரைகலை அட்டையின் தொழில், கணினி எண்களாய்க் கணித்தவற்றைப் படமாக்கித் திரைக்கு அனுப்புவதேயாம். மாணவரின் வேலை இருப்பதோ வன்தட்டிலே. படம் தோன்றாமையினால் வன்தட்டில் உள்ளவை அழிவதில்லை.

இத்தகைய வேளையிற் கைக்கொள்ளவேண்டிய விதி ஒன்றுண்டு: இறுதியாக எதனை மாற்றினோமோ அதனையே முதலில் ஐயுறுதல் வேண்டும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்த்தலும் வேண்டும்.

பெட்டியைத் திறக்குமுன் சுவர்ச் செருகியைக் கழற்றிவிடுக. நம் வீடுகளில் ஓடுவது 230 வோல்ற்று மின் என்பதை மறத்தலாகாது. உட்பாகங்களைத் தீண்டுமுன் பெட்டியின் வெற்று உலோகத்தைத் தொட்டு, உடலிலுள்ள நிலைமின்னைப் போக்கிக்கொள்க. மின்வலு வழங்கியின் கூட்டை மாத்திரம் ஒருபோதும் திறவாதீர்கள்.

முதலில் திரையை நோக்குக. தகவல் வரவில்லை என்று அது அறிவிக்குமாயின் திரை பெரும்பாலும் நலமாகவே உள்ளது. வடம் செருகப்பட்டுள்ள வாயிலும் திரையிலே தெரிவுசெய்யப்பட்டுள்ள வாயிலும் ஒன்றாதல் வேண்டும்.

இரண்டாவதாக, அட்டைக்குப் போதிய மின் கிடைக்கின்றதா என்று காண்க. தாய்ப்பலகையின் துவாரம் 75 வாற்று வரையே தரும். அதற்கு மேற்பட வேண்டும் அட்டைகளுக்கு மின்வலு வழங்கியிலிருந்து தனி இணைப்புக் கொடுத்தல் வேண்டும். ஆறு முனைச் செருகி 75 வாற்றும் எட்டு முனைச் செருகி 150 வாற்றும் தரவல்லன. மையச் செயலிக்குரிய எட்டு முனைச் செருகியும் தோற்றத்தில் இதனை ஒத்திருக்கும். அதனை வலிந்து நுழைத்தலாகாது.

மூன்றாவதாக, அட்டையையும் நினைவகத் துண்டுகளையும் கழற்றி, கொளுவி ஒலிக்கும்வரை மீண்டும் அழுத்திப் பொருத்துக.

நான்காவதாக, புதிய அட்டையை முற்றாக நீக்கி, வடத்தைத் தாய்ப்பலகையின் வாயிலிற் செருகுக. படம் தோன்றினால் பலகையும் நினைவகமும் நலம். குறை அட்டையிலோ அதன் இணைப்பிலோ உள்ளது. ஆயினும், படம் தரும் பகுதி சில செயலிகளில் இல்லை. இன்ரெல் நிறுவனத்தின் 'எஃப்' என முடியும் செயலிகள் அத்தகையன. அங்கே படம் தோன்றாமையைக் கொண்டு முடிவுசெய்தல் தவறு.

எங்கள் கணினியில் அட்டையை நீக்கியதும் படம் தோன்றிவிட்டது. அப்பொழுதுதான் உண்மை விளங்கிற்று. எங்கள் பழைய திரைக்கு இருந்தது, 1987 இல் ஐ.பி.எம். நிறுவனம் அறிமுகஞ்செய்த பதினைந்து முனை வி.ஜி.ஏ. வாயில் ஒன்றே. புதிய அட்டைகளிலோ அவ்வாயில் இல்லை. 2016 இல் வெளிவந்த என்விடியாவின் ஜி.டி.எக்ஸ். 10 வரிசை அதனை முற்றாகக் கைவிட்டது. அட்டையிலே இடங் காணாத நாங்கள், வடத்தைத் தாய்ப்பலகையின் பழைய நீல வாயிலிலேயே விட்டுவிட்டோம். அட்டையைக் கண்டதும் பலகை தன் சொந்த வாயிலை அடைத்துக்கொண்டது. பல பலகைகளின் இயல்பு அதுவே.

இவ்விரு வாயில்களுக்கும் வேறுபாடு வடிவில் மாத்திரமன்று. தகவலின் வகையிலும் உண்டு. ஆகவே, இலக்கத் தகவலை ஒப்புமைத் தகவலாக்கும் மின்சுற்றுக் கொண்ட மாற்றியே வேண்டும். அலுவலகத்திலிருந்து எச்.டி.எம்.ஐ. வாயிலுள்ள திரையொன்றைக் கொணர்ந்து, அட்டையிலேயே வடத்தை இணைத்தோம். படம் ஒளிர்ந்தது. மாணவரின் வேலை ஓரெழுத்தும் குறையாது இருந்தது.

நேயர்களே, குற்றம் கணினியினதன்று, எங்களதே. இவ்வளவு பார்த்தும் படம் தோன்றவில்லையாயின் தொழில்நுட்பவியலாளரை நாடுக. நீங்கள் செய்து பார்த்தவற்றை வரிசையாக எழுதிக் கொண்டுசெல்லுங்கள். அக்குறிப்பு அவருடைய நேரத்தையும் உங்கள் பணத்தையும் மிச்சப்படுத்தும்.