இறங்கிப் பழகி ஏறுவோம்

உயரமான கம்பியொன்றை இரு கைகளாலும் பற்றித் தொங்கி, நாடி கம்பிக்கு மேலே வரும்வரை உடலை இழுப்பதையே புல்-அப் என்கிறார்கள். "இது ஆண் பிள்ளைகளின் வேலை" என்று நம்மில் பலர் தொட்டுப் பார்க்காமலே விட்டுவிடுகிறோம்.

2014 முதல் பெண்களும் குறைந்தது 3 புல்-அப் செய்ய வேண்டும் என்று அமெரிக்க மரீன் படை தீர்மானித்திருந்தது. மூன்று மாத அடிப்படைப் பயிற்சியின் முடிவில் பெண்களில் 55 சதவீதமானோரால் அது முடியாமற்போகவே, விதி ஒத்திவைக்கப்பட்டது. எல்லோரும் அந்த 55ஐப் பற்றித்தான் பேசினார்கள். எனக்கு மீதி 45 தான் பெரிதாகத் தெரிகிறது. பெண்களுக்கு மேலுடம்பில் தசை குறைவு என்பது உண்மையே. அதனால் நாம் சற்றுப் பின்னாலிருந்து தொடங்குகிறோம், அவ்வளவுதான்.

பசறைப் பக்கத் தோட்டங்களில் கொழுந்து பறிக்கும் பெண்களைப் பலவீனர் என்று யாராவது சொல்வார்களா? கூடையின் கயிறு தலையில். பாரம் கழுத்திலும் முதுகிலும். நாள் முழுதும் மலைச்சரிவில் நிற்கிறார்கள். ஆனாலும் கைகளால் உடலை மேலே இழுக்கும் வேலை அதில் இல்லை. தசை, தான் பழகிய வேலைக்கே பலம் பெறும். ஆகவே கம்பியில்தான் பழக வேண்டும்.

முதலில் சும்மா தொங்குங்கள். 10 விநாடியில் தொடங்கி 30 வரை போகலாம். பிறகு முழங்கையை மடிக்காமல் தோள்பட்டைகளை மட்டும் கீழ்நோக்கி இழுங்கள். முதுகின் பெரிய தசை விழித்துக்கொள்வது தெரியும்.

அடுத்ததுதான் முக்கியம். கதிரையில் ஏறி, நாடியைக் கம்பிக்கு மேல் வைத்து, கால்களை எடுத்துவிட்டு, ஐந்து விநாடியில் மெல்ல இறங்குங்கள். அரிசி மூட்டையைத் தோளுக்கு ஏற்ற முடியாதவரும் அதை மெதுவாக நிலத்தில் இறக்கிவிடுவார். தூக்க முடியாத பாரத்தையும் தாங்கி இறக்கத் தசைக்கு முடியும். அப்படி இறக்கும்போதே அது பலமும் பெறுகிறது. உள்ளங்கை முகத்தைப் பார்க்கும்படி பிடித்தால் இருதலைத்தசையும் கூடுதலாக உதவும். ஒரு நாளைக்கு நாலைந்து இறக்கம், வாரத்தில் 3 நாள் போதும். இடையில் ஓய்வு வேண்டும். தோளில் குத்தும் வலி வந்தால் நிறுத்திவிட வேண்டும்.

ஆரம்ப வாரங்களில் கை பருக்காது. ஆனாலும் பலம் கூடும். இருக்கின்ற தசை நார்களை ஒன்றாக வேலை வாங்க நரம்புகள் கற்றுக்கொள்வதே காரணம். மகளின் தோள் அகன்றுவிடுமே என்று கவலைப்படும் உம்மாமார் இதைக் கவனிக்க.

எங்கள் பின்வளவில் வாப்பா தடித்த இரும்புக் குழாயொன்றைப் பொருத்தித் தந்தார். மதில் இருப்பதால் பர்தாவுக்கும் குறைவில்லை. மார்கழி மழையில் குழாய் வழுக்கும், துடைத்துவிட்டே பிடிப்பேன். நோன்பு மாதத்தில் இஃப்தாருக்குப் பிறகு தொங்குவது மட்டும்தான்.

இப்போது 12 விநாடி எடுத்து இறங்குகிறேன். ஏறும்போது முழங்கை பாதிவரை மடிகிறது. நாடிக்கும் குழாய்க்கும் இடையில் இன்னும் ஒரு சாண் இருக்கிறது.