ஓர்க்கிட் பூவின் அமைப்பும் வனிலாவின் கதையும்

கேக்கிலும் ஐஸ்கிறீமிலும் கமழும் வனிலாவை அறியாதார் அரியர். அந்நறுமணத்தை இயற்கையில் தருவது ஓர்க்கிட் கொடியொன்றின் காய் என்பதை அறிந்தாரோ சிலரே. உலகில் 25,000க்கு மேற்பட்ட ஓர்க்கிட் இனங்கள் உள. மனிதன் வளர்ப்பவற்றுட் பெரும்பாலானவை கண்ணுக்கு விருந்தாபவை. நாவுக்கு விருந்தளிக்கப் பெருந்தோட்டங்களிற் பயிராவது வனிலா ஒன்றே எனலாம்.

வனிலாக் கொடியின் தாயகம் மெக்சிக்கோவும் மத்திய அமெரிக்காவும் ஆகும். 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிற் பிரெஞ்சுக்காரர் அதனை இந்து சமுத்திரத்திலுள்ள றீயூனியன் தீவிற் கொணர்ந்து நட்டனர். கொடி தழைத்தது, பூத்தது, ஆயினும் காய்க்கவில்லை. காரணம் யாது? விடை அப்பூவின் அமைப்பிலேயே இருந்தது.

ஓர்க்கிட் பூவில் வெளியே மூன்று இதழ்களும் உள்ளே மூன்று இதழ்களும் உண்டு. உள்ளிதழ்களுள் ஒன்று மட்டும் உருவில் வேறுபட்டது. அதனை உதடு என்பர். வண்டும் தேனீயும் வந்து இறங்கும் துறை அதுவே. வனிலாவில் இவ்வுதடு குழல்போலச் சுருண்டிருக்கும்.

பிற பூக்கள் பலவற்றில் மகரந்தத்தைத் தரும் கேசரமும், அதனை ஏற்கும் குறியைத் தாங்கிய தம்பமும் தனித்தனியே நிற்கும். ஓர்க்கிட்டிலோ இரண்டும் இணைந்து ஒரே தூணாகியுள்ளன. தூணின் நுனியில் மகரந்தக்கூடும் அதற்குச் சற்று உள்ளே குறியும் அமைந்துள்ளன. இரண்டுக்கும் இடையே மெல்லிய மடிப்பொன்று திரைபோல நிற்கின்றது. மகரந்தமும் காற்றிற் பறக்கும் தூளன்று, ஒட்டுந்தன்மையுடன் திரண்டிருப்பது.

இனி, தேனீயின் வருகையை நோக்குவோம். அது குழலினுள் நுழைந்து, பின்வாங்கி வெளியேறுகையில், அதன் முதுகு முதலிற் குறியில் உராய்கின்றது. முன்னைய பூவிலிருந்து கொணர்ந்த மகரந்தம் அங்கே ஒட்டிக்கொள்கின்றது. அப்பாற்றான் முதுகு திரையைக் கடந்து மகரந்தக்கூட்டைத் தொட்டுப் புதிய மகரந்தத்தைப் பெறுகின்றது. கொடுத்தல் முன், கொள்ளல் பின். இவ்வொழுங்கினால் ஒரு பூவின் மகரந்தம் அதே பூவிற் சேராது மற்றொன்றைச் சென்றடைகின்றது.

தாயகத்திற் காவலாயிருந்த அதே திரை, றீயூனியனில் தடையாயிற்று. அதனைக் கடக்க வல்ல மெக்சிக்கோத் தேனீக்கள் அங்கு இல்லை. பூவோ ஒரு நாளிலே வாடிவிடுவது.

1836இல் பெல்ஜியத்தின் லியேஜ் நகரிற் சார்ள்ஸ் மொறன் என்னும் அறிஞர் கையால் மகரந்தம் சேர்த்துக் காய்பெற்றார். எனினும், தோட்டங்களுக்கு ஏற்ற எளிய முறை 1841இல் றீயூனியனிலே தோன்றியது. அதனைக் கண்டவன் பன்னிரண்டு வயது அடிமைச் சிறுவன் எட்மண்ட். பூசணிக் குடும்பத்துக் கொடியொன்றின் பூக்களுக்குக் கையால் மகரந்தம் சேர்க்கும் வகையைத் தன் எசமானரிடம் அவன் முன்னரே கற்றிருந்தான். மெல்லிய குச்சியொன்றால் அத்திரையை மேலே தூக்கி, பெருவிரலால் மகரந்தத்தைக் குறியின்மீது அழுத்தினான். அவ்வளவே; கொடி காய்த்தது.

பின்னர், தாவரவியலார் ஒருவர் அம்முறை தம்முடையதென உரிமை பாராட்டினார். எசமானரோ எட்மண்டின் பக்கமே நின்று எழுதினார். 1848இல் அத்தீவில் அடிமைமுறை ஒழிக்கப்பட்டபோது அவ்விளைஞன் அல்பியஸ் என்னும் குடும்பப் பெயரைப் பெற்றான். தோட்டக்காரர் செல்வராயினர், எட்மண்ட் அல்பியஸ் 1880இல் வறுமையிலே மாண்டார்.

இன்றும் வனிலா விளைச்சலில் முன்னணியில் நிற்கும் மடகாஸ்கரிலே, பூக்காலத்து விடியற்பொழுதிற் தொழிலாளர் தோட்டமெங்கும் சென்று, பூவொன்றுக்கு ஒருமுறையாகக் குச்சியால் அத்திரையைத் தூக்குகின்றனர். தேனீ செய்யவேண்டியதை மனித விரல் செய்கின்றது. அவ்வித்தையை அவ்விரல்களுக்குக் கற்பித்தவன் அச்சிறுவனே.