பால்கோவா ஊரில் பேலியோ!

2019-ல் புவிசார் குறியீடு வாங்கிய பால்கோவாவின் ஊர் ஸ்ரீவில்லிபுத்தூர். அங்கே இருந்துகொண்டு என் நண்பர் பேலியோவில் இறங்கிவிட்டார்! பேங்க் கிளார்க். சோறு, இட்லி கட். முட்டை, பனீர், கறிதான். "மத்தியானத் தூக்கம் போச்சு சார். ராத்திரி வரை பசிக்கவே இல்லை!"

பக்கத்து ராஜபாளையத்தில், மில்லில் பஞ்சு பேல் தள்ளும் இன்னொரு நண்பருக்கோ நாலாம் நாளே தலைவலி, கால் துவண்டது. "வயிறு ரொம்புது, சாப்பிட்ட மாதிரி இல்லையே!"

இரண்டும் நிஜம்தான். மாவுச்சத்தைக் குறைத்தால் உடம்பில் சேமித்த கிளைகோஜனோடு தண்ணீரும் உப்பும் வெளியேறும். ஆரம்ப அசதி அதனால்தான். பலருக்கு ஒன்றிரண்டு வாரத்தில் தெளியும். பாரம் தூக்குபவருக்கு நாளாகலாம்.

சுகர் மாத்திரை, இன்சுலின் எடுப்பவர்கள் ஜாக்கிரதை! டாக்டரிடம் டோஸைக் கேட்காமல் சோற்றை நிறுத்தினால், சர்க்கரை தடாலென்று இறங்கி மயக்கமே வரலாம்.

மில் நண்பர் மதியச் சோற்றுக்குத் திரும்பிவிட்டார். கிளார்க்? சம்சாரம் வாங்கி வைத்த கால் கிலோ பால்கோவாவை முறைத்துக்கொண்டிருக்கிறார்.